பிடித்த பிறகு வரும் மூன்று நொடி: கபடியிலிருந்து ரக்பிக்கு வந்த ஓர் உசிலம்பட்டிப் பையனின் முதல் 26 மாதங்கள்

ஆள்: 17 வயது, உயரம் 171 செ.மீ., எடை 66 கிலோ. சொந்த ஊர் உசிலம்பட்டிக்கும் செக்கானூரணிக்கும் நடுவே ஒரு கிராமம். ஊர் அணியில் நான்கு வருடம் கார்னர் ஆடியவர். கணுக்கால் பிடியில் பேர் வாங்கியவர். ரக்பிப் பந்தை முதன்முதலாகத் தொட்டது மதுரையில் கல்லூரியில் சேர்ந்த முதல் மாதத்தில். அதிலிருந்து 26 மாதம் கழித்து, செவன்ஸ் எனப்படும், பக்கத்துக்கு ஏழு பேர் ஆடும் ரக்பியில் ஒரு குறுகிய சீசனுக்குச் சம்பளம் பேசிக் கையெழுத்துப் போட்டார்.

இவர் தனி ஒருவர் அல்ல. தென்மாவட்டக் கபடி அணிகளிலிருந்து ரக்பிக்கு வரும் பையன்களிடம் திரும்பத் திரும்ப நடப்பதை ஒரே ஆளின் மேல் ஏற்றி எழுதிய மாதிரி நிகழ்வு இது. எடை, நேரம், வாரக் கணக்கு எல்லாம் அந்த மாதிரி ஆளுக்கு உரியவை. ஆட்ட விதிகளும் மருத்துவ வழிமுறைகளும் போட்டி அமைப்புகளும் உள்ளது உள்ளபடி.

பயிற்சி கொடுக்கும் எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இந்தப் பக்கத்துப் பையன்களுக்கு ஆளைப் பிடிக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. கபடியில் பிடித்ததும் ரெய்டு முடிந்துவிடுகிறது. விசில் ஊதும்வரை விடாமல் இருப்பதுதான் அங்கே வேலை. ரக்பியில் ஆள் விழுந்த பிறகும் ஆட்டம் நிற்பதில்லை. பிடிக்கும் நொடியில் தலை எந்தப் பக்கம் இருக்கிறது, விழுந்த பிறகு அடுத்த மூன்று நொடியில் என்ன செய்கிறார், இந்த இரண்டும்தான் இவருடைய 26 மாதத்தையும் தீர்மானித்தன.

கையோடு கொண்டுவந்தது

கபடி, செவன்ஸ் இரண்டிலும் ஒரு பக்கத்துக்கு ஏழு பேர். அந்த ஒற்றுமையைப் பார்த்துப் பல பயிற்சியாளர்கள் ஏமாந்துவிடுகிறார்கள். ஆண்கள் கபடிக் களம் 13 மீட்டருக்கு 10 மீட்டர். ரக்பி மைதானம் 100 மீட்டருக்கு 70 மீட்டர் வரை இருக்கும். 70 மீட்டர் அகலத்தை ஏழு பேருக்குப் பங்கு போட்டால் ஆளுக்கு 10 மீட்டர். கபடியில் ஏழு பேர் சேர்ந்து காத்த அகலத்தை இங்கே ஒருவர் காக்க வேண்டும். அதிலும் ஒருவர் பின்னால் ஸ்வீப்பராக நின்றால் மற்றவர்களின் பங்கு இன்னும் கூடும்.

கபடியால் கிடைத்த நன்மைகள் குறைவில்லை. எதிராளியின் இடுப்பைப் பார்த்தே எந்தப் பக்கம் திரும்புவான் என்று கணிக்கும் கண் அவரிடம் இருந்தது. கண்கட்டு வித்தையெல்லாம் கையிலும் தோளிலும்தான். இடுப்பு பொய் சொல்லாது என்பது கார்னர் ஆடியவருக்குத் தெரியும். செயின் பிடித்து நின்ற பழக்கத்தால், பக்கத்தில் இருப்பவரோடு ஒரே கோட்டில் முன்னேறுவதும் சத்தம் கொடுப்பதும் இரண்டே வாரத்தில் வந்தன. மற்ற ஆட்டங்களிலிருந்து வருபவர்களுக்கு இதற்கு மாதக்கணக்கு ஆகும்.

கெடுதல்கள் நான்கு. முதலாவது, பிடித்ததை விடாதது. ரக்பி விதிப்படி, டாக்கிள் செய்தவர், அதாவது பந்தோடு வருபவரைப் பிடித்து வீழ்த்தியவர், ஆள் தரையில் விழுந்ததும் உடனே விட வேண்டும். உருண்டு விலக வேண்டும். எழுந்து காலூன்றி, தன் பக்கத்திலிருந்து வந்துதான் பந்தைத் தொடலாம். இவர் முதல் ஏழு பயிற்சி ஆட்டங்களில் கொடுத்த 11 பெனால்டியில் 8 இதற்காகத்தான். இரண்டாவது, கணுக்காலுக்குப் பாய்வது. இரண்டு மீட்டர் தள்ளியிருந்து தலையைக் குனிந்து பாயும்போது எதிராளியின் முட்டியும் பூட்ஸும் முகத்துக்கு நேரே வருகின்றன. மூன்றாவது, ரெய்டரின் திரும்பும் கால். கபடியில் தொட்டவன் நடுக்கோட்டுக்குத் திரும்ப வேண்டும். அந்தப் பழக்கத்தில், பந்தோடு போகும் பையன் ஆள் நெருங்கியதும் தன்னையறியாமல் பின்னால் வளைந்து ஓடி 10 மீட்டரைத் தாரை வார்த்துவிடுகிறான். இவருக்கும் அது இருந்தது. நான்காவது, பந்தை அக்குளில் இடுக்கிக்கொள்வது. ஒரு கையில் இடுக்கினால் பாஸ் கொடுக்க மாட்டார் என்று எதிரணிக்கு உடனே தெரிந்துவிடும். இரண்டு கையில் பிடித்தால்தான் அவர்கள் தயங்குவார்கள்.

ஜல்லிக்கட்டு இறங்கும் பையன்களுக்கு இதோடு இன்னொன்றும் சேரும். திமிலை அணைத்துப் பழகிய கை, நெஞ்சு உயரத்துக்கே போகிறது. மாட்டிடம் அதுதான் சரி. வேறெங்கே பிடித்தாலும் ஆபத்து. மனிதரிடம் அதே உயரம் கழுத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும். தோள் கோட்டுக்கு மேலே டாக்கிள் செய்வது தவறு. பல நாடுகளின் அடித்தள ஆட்டத்தில் அந்த அளவை நெஞ்செலும்பின் அடிவரை இறக்கியிருக்கிறார்கள். செவன்ஸில் மஞ்சள் அட்டை என்றால் 2 நிமிடம் வெளியே. 14 நிமிட ஆட்டத்தில் அது ஏழில் ஒரு பங்கு. அந்த 2 நிமிடத்தில் ஆறு பேர் 70 மீட்டரைக் காக்க முடியாது. இரண்டு ட்ரை (எதிரணி நம் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்துப் புள்ளி எடுப்பது) போவது சாதாரணம்.

முதல் 12 வாரம்

ஒன்று முதல் மூன்றாம் வாரம் வரை ஆள்மேல் ஆள் மோதவே இல்லை. விழக் கற்றார்: பந்தை மார்போடு அணைத்து, முட்டி, இடுப்பு, தோள் என்ற வரிசையில். கையை ஊன்றி விழக்கூடாது. ஊன்றினால் மணிக்கட்டோ தோள்பட்டையோ போய்விடும். விழுந்ததும் உடம்பைக் குறுக்காகத் திருப்பி, பந்தைத் தன் அணிப் பக்கம் கை நீட்டி வைக்க வேண்டும். இதை ஒரு நாளைக்கு 20 முறை.

நான்காம் வாரத்திலிருந்து டாக்கிள். முதலில் இருவரும் மண்டியிட்டு, பிறகு பிடிப்பவர் ஒரு காலில் மண்டியிட்டு எதிராளி நடந்துவர, அதன்பின் இருவரும் நடந்து, ஏழாம் வாரத்துக்குப் பின் மெதுவாக ஓடி. இதற்குக் கபடி மேட் மிக நல்ல தரை. வெறுங்காலோடு செய்ய வேண்டும், மேட் இணைப்புகளில் இடைவெளி இருந்தால் கால்விரல் மாட்டும் என்பதால் தினமும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் வலது தோளில் 8, இடது தோளில் 8. வாரத்துக்கு இரண்டு நாள். அதற்கு மேல் வேண்டாம். உலக ரக்பி அமைப்பு தொழில்முறை அணிகளுக்கே முழு வேக மோதல் பயிற்சி வாரத்துக்கு 15 நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்று வழிகாட்டியிருக்கிறது. ஊரில் மாலை முழுக்கப் பிடித்துப் பழகுவதுதான் உழைப்பு என்று எண்ணுகிறோம். ரக்பியில் அது பையனைச் சீக்கிரம் தேய்த்துவிடும்.

டாக்கிளின் வரிசையைச் சொல்லில் வைத்துக்கொள்ள ஒரு வழி செய்தோம்: கண், கால், கன்னம், கை. கண் எதிராளியின் டவுசர் மேல். கால் அவர் காலுக்குப் பக்கத்தில், ஒரு முழத்துக்குள், தூரத்திலிருந்து பாயக்கூடாது. எந்தத் தோளோ அந்தப் பக்கத்துக் கால்தான் முன்னே. கன்னம் அவர் பிட்டத்தோடு ஒட்டி, அதாவது தலை அவருக்குப் பின்பக்கம். கடைசியாகக் கை இரண்டும் சுற்றிப் பூட்டி, காலால் ஐந்து சின்ன எட்டு தள்ள வேண்டும். இதில் கை முதலில் போனால் எல்லாம் கெடும். நீட்டிய கையோடு ஆளை மறிக்கும்போதுதான் தோள் மூட்டு நழுவுகிறது. இளவயதில் ஒருமுறை நழுவிய தோள் மறுபடி நழுவும் வாய்ப்பு மிக அதிகம். அந்த ஒரு காயம் பலரை ஆட்டத்தைவிட்டே அனுப்பியிருக்கிறது. சட்டையை விரலால் கொக்கி போட்டு இழுப்பதும் கூடாது. மோதிர விரலின் தசைநாண் அறுந்தால் விரல் மடங்காது. சில நாளுக்குள் கை அறுவை மருத்துவரிடம் போகாவிட்டால் சரிசெய்வது கடினம்.

டாக்கிளுக்குப் பிறகான மூன்று நொடிக்குத் தனிப் பயிற்சி. பிடித்து வீழ்த்தியதும் பயிற்சியாளர் வாய்விட்டு எண்ணுவார். "ஒண்ணு" என்னும்போது கை விட்டிருக்க வேண்டும். "ரெண்டு" என்னும்போது இரண்டு காலும் தரையில். "மூணு" என்னும்போது தன் பக்கத்திலிருந்து பந்துக்கு மேலே குனிந்திருக்க வேண்டும், அல்லது அணியின் காவல் கோட்டில் தன் இடத்துக்குத் திரும்பியிருக்க வேண்டும். எதைச் செய்வது என்பதற்கு எளிய கணக்கு: எதிரணி ஆள் பந்துக்கு மேல் வந்துவிட்டால் விட்டுவிட்டுக் கோட்டுக்கு ஓடு. செவன்ஸில் ஒரு பந்துக்காக இரண்டு பேர் மாட்டிக்கொண்டால் வெளியே 20 மீட்டர் திறந்துவிடும். இவருக்கு "ஒண்ணு" வரவே ஆறு வாரம் ஆயிற்று. நான்கு வருடம் "விடாதே விடாதே" என்று கேட்டு வளர்ந்த கை அது.

பாஸ் தினமும் 200. இடமிருந்து வலம் 100, வலமிருந்து இடம் 100. முதலில் 5 மீட்டர், மூன்றாம் மாதத்தில் 10 மீட்டர். பந்தின் எடை 410 முதல் 460 கிராமுக்குள் இருக்க வேண்டும். மலிவுப் பந்துகள் சில வெயிலில் உப்பிப் பலூன்போல ஆகிவிடும், அதில் பழகினால் கை கெடும். பின்னால்தான் பாஸ் கொடுக்க வேண்டும் என்ற விதி முதல் நாளே புரிந்துவிடுகிறது. ஆனால் பாஸ் கொடுத்ததும் நின்றுவிடாமல் அதே வேகத்தில் பின்தொடர்ந்து மறுபடி வாங்க வருவது மூன்றாம் மாதத்தில்தான் வரும்.

வேறு ஆட்டத்திலிருந்து வருபவர்கள் உயரம் தொட்டதற்கு உலக அளவில் சான்று உண்டு. அமெரிக்காவின் கார்லின் ஐல்ஸ் தடகளத்திலிருந்து 2012-ல் வந்தார். பெரி பேக்கர் அமெரிக்கக் கால்பந்திலிருந்து வந்து 2017, 2018 இரண்டு ஆண்டும் உலகின் சிறந்த செவன்ஸ் ஆட்டக்காரர் விருது பெற்றார். இருவரும் வேகத்தைக் கொண்டுவந்தவர்கள். நம் பக்கத்துப் பையனுக்கு அந்த ஓட்டம் இல்லை. அவனிடம் இருப்பது பிடி. ஆகவே அவர்களைப்போல இவரை ஓரத்தில் நிறுத்தி ஓடவிடுவதில் பயனில்லை. இவரைப் பிராப் இடத்தில், அதாவது ஸ்க்ரமில் (இரு அணியிலும் மூவர் மூவராகத் தோள் கோத்துத் தள்ளும் இடத்தில்) மூவரில் ஒருவராக, மைதானத்தின் நடுப்பகுதியில் நிறுத்தினோம்.

தரை, வெயில், மூச்சு

சித்திரை, வைகாசியில் மதுரைச் சுற்று வட்டார மைதானங்கள் பாறைபோல் இறுகிவிடும். கண்மாய் உள்வாயில் ஆடும் ஊர்களில் கரம்பை வெடித்து, பாதம் போகும் அளவுக்குப் பிளவு விழும். மோதல் பயிற்சி உள்ள நாளுக்கு முந்தைய மாலை 20க்கு 20 மீட்டர் இடத்துக்கு மட்டும் தண்ணீர் விட்டுவைத்தால் போதும். முழு மைதானமும் நனைய வேண்டியதில்லை. இறுகிய தரையில் நீண்ட இரும்பு ஸ்டட் (அடிக்குமிழ்) வைத்த பூட்ஸ் வேண்டாம். உள்ளங்கால் நோகும், கணுக்கால் பிசகும். வார்ப்பு ஸ்டட் போதும். ஹாக்கிக்காகப் போட்ட செயற்கைத் தரையில் பாஸும் ஓட்டமும் பழகலாம். டாக்கிள் கூடவே கூடாது. அது விழுவதற்காகப் போட்ட தரை அல்ல, தோல் உரியும், தலை பட்டால் தாங்காது.

டாக்கிள் பை வாங்கப் பணம் இல்லாத இடத்தில் சணல் சாக்கு இரண்டை ஒன்றுக்குள் ஒன்று போட்டு, நடுவில் பழைய டயர் டியூபைச் சுருட்டி வைத்து, சுற்றிலும் வைக்கோலை இறுக்கித் திணித்துத் தைக்கலாம். 25 முதல் 30 கிலோ வந்தால் சரி. மண் போட்டு நிரப்புகிறார்கள். அதில் மோதித் தோள் போன பையன்கள் உண்டு.

மூச்சுதான் இவருக்குப் பெரிய மலையாக இருந்தது. கபடியில் ஒரு ரெய்டு 30 நொடி, பிறகு ஓய்வு. செவன்ஸில் பாதிக்கு 7 நிமிடம், இடைவேளை 2 நிமிடம். உயர்மட்ட ஆட்டத்தில் ஒருவர் ஒரு போட்டியில் சுமார் 1,500 மீட்டர் ஓடுகிறார், அதுவும் ஒரே நாளில் இரண்டு மூன்று போட்டி. அளக்க பிராங்கோ சோதனை வைத்தோம்: 20, 40, 60 மீட்டர் போய்த் திரும்ப, அதை ஐந்து முறை, மொத்தம் 1,200 மீட்டர், இடையில் ஓய்வில்லை. முதல் நாள் 5 நிமிடம் 42 நொடி. மூன்றாவது சுற்றுவரை முன்னால் ஓடினார், நான்காவதில் நடந்தார். 26-ஆம் மாதம் 4 நிமிடம் 51 நொடி. இதை நீண்ட ஓட்டத்தால் குறைக்கவில்லை. 15 நொடி வேகம், 15 நொடி நடை, இப்படி 8 நிமிடம், 3 நிமிடம் ஓய்வு, மறுபடி ஒருமுறை. வாரம் இருமுறை.

பயிற்சி காலை 5:30 முதல் 7 வரை. அதற்கு முன்னும் பின்னும் எடை பார்க்க வேண்டும். குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றேகால் முதல் ஒன்றரை லிட்டர், உப்பு சேர்த்து, சில மணி நேரத்தில் பரவலாகக் குடிக்க வேண்டும். நீராகாரத்தில் உப்புப் போட்டது இதற்கு நன்றாகவே பொருந்துகிறது.

சூடேற்றுவதற்கு உலக ரக்பி அமைப்பின் ஆக்டிவேட் பயிற்சியை எடுத்துக்கொண்டோம். 20 நிமிடத்துக்குள் முடியும், கருவி வேண்டாம், கழுத்துப் பயிற்சியும் அதில் அடக்கம். இங்கிலாந்துப் பள்ளி அணிகளில் நடந்த ஆய்வில், இதை வாரம் 3 முறை ஒழுங்காகச் செய்தவர்களுக்குப் போட்டிக் காயங்கள் 72 சதவீதமும், தலை அதிர்வு 59 சதவீதமும் குறைந்தன. மோதல் ஆட்டத்தில் இதைவிட மலிவான காப்பு வேறு தெரியவில்லை.

19-ஆம் வாரம்

கல்லூரிகளுக்கு இடையே நட்பு ஆட்டம். இரண்டாம் பாதி, 4-ஆம் நிமிடம். பந்தோடு வந்தவர் இவருக்கு இடப்பக்கமாக வெட்டி ஓடினார். இடது தோளால் பிடித்திருந்தால் தலை ஆளுக்குப் பின்னால் போயிருக்கும். இவர் பழக்கத்தில் வலது காலை ஊன்றி வலது தோளைக் கொடுத்தார். தலை ஆளுக்கு முன்னே போய்விட்டது. ஓடிவந்தவரின் இடுப்பெலும்பு இவர் வலது நெற்றிப்பொட்டில் மோதியது. பிடியை விடவில்லை, ஆள் விழுந்தார், ஓரத்தில் நின்றவர்கள் கைதட்டினார்கள்.

ஐந்து நொடியில் தானாகவே எழுந்தார். எழுந்தவர் எதிரணியின் கோட்டை நோக்கி நடந்தார். அந்த நான்கு எட்டு நடையைப் பார்த்ததால்தான் பிழைத்தார்.

"என்னப்பா ஆச்சு?"

"பொறி கலங்கிருச்சுண்ணே. ஒண்ணுமில்ல, ஆடுறேன்."

கேட்க வேண்டிய ஐந்து கேள்விகளைக் கேட்டார்கள். இப்ப எந்த மைதானத்துல இருக்கோம்? இது எந்தப் பாதி? கடைசியா யாரு பாயிண்ட் எடுத்தது? போன ஆட்டம் யாரோட ஆடினோம்? ஜெயிச்சமா? மைதானத்தைச் சரியாகச் சொன்னார். "முதல் பாதி" என்றார். ஒரு பதில் தவறினாலே வெளியே எடுக்க வேண்டும். ஐந்தும் சரியாக வந்தாலும், நடை தடுமாறினாலே வெளியேதான். தொழில்முறை ஆட்டத்தில் மருத்துவர் வைத்து 12 நிமிடச் சோதனை நடத்தித் திருப்பி அனுப்பும் முறை உண்டு. அதை நம் மைதானங்களில் யாரும் செய்து பார்க்கக் கூடாது. சந்தேகம் வந்தால் அன்றைக்கு அவருக்கு ஆட்டம் முடிந்தது.

சோடா கொடுப்பது, முகத்தில் தண்ணீர் அடிப்பது, "தெளிஞ்சிருச்சு, ஆடவிடு" என்பது, இவை எல்லா ஊரிலும் நடக்கின்றன. மயங்கி விழுந்தால்தான் தலையடி என்ற எண்ணமே தவறு; தலை அதிர்வு உண்டான பெரும்பாலோர் நினைவு இழப்பதில்லை. கிறுகிறுப்பு, குமட்டல், வெளிச்சம் கூசுவது, மண்டைக்குள் விண்விண் என்பது, பேச்சு மெதுவாவது, இவற்றில் ஒன்று போதும். திரும்பத் திரும்ப வாந்தி, ஏறிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, இரட்டையாகத் தெரிவது, கை கால் மரத்துப்போவது, கழுத்தில் கடும் வலி, இவற்றில் எது இருந்தாலும் காத்திருக்காமல் அரசு ராஜாஜி மருத்துவமனை போன்ற பெரிய ஆஸ்பத்திரிக்கு. கழுத்து வலி என்றால் ஆளைத் தூக்கி உட்கார வைக்கவே கூடாது.

இவருக்கு அபாய அறிகுறிகள் இல்லை. முதல் இரண்டு நாள் ஓய்வு, செல்போன் குறைவு, பிறகு நடை. அடுத்து லேசான சைக்கிள், அடுத்து தனி ஓட்டம், அடுத்து மோதல் இல்லாத பந்துப் பயிற்சி. ஒவ்வொரு படிக்கும் குறைந்தது 24 மணி நேரம்; அறிகுறி திரும்பினால் ஒரு படி கீழே. அறிகுறி முற்றும் நின்று 14 நாள் ஆன பிறகே மோதல் பயிற்சி, போட்டி 21 நாளுக்கு முன் கிடையாது. இந்தக் கணக்கைத் தாளில் எழுதி அவர் கையிலேயே கொடுத்தார்கள்.

அங்கேதான் பிழை நடந்தது. தாளை அவரிடம் மட்டும் கொடுத்தார்கள். எட்டாம் நாள் ஊரில் திருவிழாக் கபடி. அணியின் மூத்தவர் கூப்பிட்டார். கல்லூரியில் ரக்பிதான் ஆடக்கூடாது என்றார்கள், கபடியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்று பையன் நினைத்துக்கொண்டார். இரண்டு ஆட்டம் ஆடினார். அடி எதுவும் பெரிதாக இல்லை. ஆனால் அன்றிரவே தலைவலி திரும்பிவிட்டது. மூன்று வாரத்தில் முடிய வேண்டியது ஆறு வாரம் ஆயிற்று. மாநில அணித் தேர்வு அந்த ஆறு வாரத்துக்குள் போய்விட்டது.

பிறகு ஊருக்கே போய்ப் பேசினார்கள்.

"ரெண்டு ஆட்டந்தான சார். பிடிக்கப் போக வேணாம்னுதான் சொன்னேன். ரெய்டு மட்டும் போனான்."

"ரெய்டு போறவனத்தான தம்பி ஏழு பேரு பிடிப்பாங்க."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல சார்" என்றார். அவர் சொன்னது நியாயம். அன்றிலிருந்து தலையடி என்றால் மூன்று பேருக்கு அன்றைக்கே போன் போகிறது: அம்மாவுக்கு, ஊர் அணி மூத்தவருக்கு, விடுதியில் கூடத் தங்கும் பையனுக்கு. மூன்றாமவர் முக்கியம், முதல் இரவு தனியாக விடக்கூடாது.

தொழில்நுட்பப் பிழைக்கு மருந்து எளிது. 19 வாரத்தில் இவர் செய்த டாக்கிள்களை வீடியோவில் எண்ணிப் பார்த்தால் பத்தில் எட்டு வலது தோள். இடப்பக்கம் வருபவரையும் உடம்பைத் திருக்கி வலது தோளால்தான் வாங்கினார். பயிற்சியில் சமமாகச் செய்தவர் ஆட்டத்தில் பழைய தோளுக்கே திரும்பியிருந்தார், அதை யாரும் எண்ணவில்லை. பிறகு இடது தோள் மட்டும் என்று ஆறு வாரம். மாதாமாதம் எண்ணிக்கை நோட்டில். 26-ஆம் மாதம் வலது 55, இடது 45 என்ற அளவுக்கு வந்தார்.

எடை

எடைப் பிரிவுக் கபடிக்காக முந்தைய நாள் பட்டினி கிடப்பது, தண்ணீரை நிறுத்துவது இவருக்குப் பழக்கம். ரக்பியில் எடைப் பிரிவு கிடையாது. 66 கிலோவில் ஸ்க்ரமில் நிற்க முடியாது, 74 வேண்டும். வேகம் குறையாமல் ஏற வேண்டுமானால் வாரத்துக்குக் கால் கிலோ, மிஞ்சிப்போனால் அரைக் கிலோ.

புரதம் ஒரு கிலோ எடைக்கு 1.6 முதல் 2 கிராம். 68 கிலோ ஆளுக்கு நாளொன்றுக்கு 120 கிராம் சொச்சம். காலையில் ஒரு கைப்பிடி நிலக்கடலை 7 கிராம்; பயிற்சி முடிந்து மூன்று முட்டை, இட்லி, சாம்பார் 30; மதியம் பருப்போடு 150 கிராம் கோழி அல்லது மீன் 45; மாலையில் சுண்டலும் பாலும் 20; இரவு தோசையோடு இரண்டு முட்டை 24. கணக்கு வந்துவிடும். விடுதியில் கறி இல்லாத நாளில் மீல் மேக்கர், உலர்ந்த எடை 50 கிராமில் 26 கிராம் புரதம் இருக்கிறது. புரோட்டாவும் சால்னாவும் எடை ஏற்றும், ஆனால் பிராங்கோ நேரத்தையும் சேர்த்து ஏற்றிவிடும்.

ஜிம்மில் விற்கும் டப்பா மாவும் ஊசியும் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறோம். ஊக்கமருந்து விதியில் "தெரியாமல் சாப்பிட்டேன்" என்பது குற்றத்தை நீக்காது; உடம்பில் இருந்தாலே ஆட்டக்காரர்தான் பொறுப்பு. வேண்டுமென்றே செய்ததாக முடிவானால் நான்கு ஆண்டுத் தடை வரும். சளிக்கு வாங்கும் மாத்திரையைக்கூடத் தேசிய ஊக்கமருந்து தடுப்பு முகமையின் செயலியில் பார்த்துவிட்டுத்தான் விழுங்க வேண்டும்.

தேர்வும் கையெழுத்தும்

சென்னையில் காலை 7 மணிக்குத் தேர்வு என்றால் முந்தைய இரவு பாண்டியன் எக்ஸ்பிரஸில் முன்பதிவில்லாத பெட்டியில் நின்றுகொண்டு போகிறார்கள். அந்தக் காலோடு 40 மீட்டர் ஓட்டம் கொடுத்தால் நேரம் வராது. முதல் தேர்வில் இவர் அப்படித்தான் விழுந்தார். இரண்டாம் முறை முந்தைய நாள் வைகையில் காலையில் ஏறி, பிற்பகல் எழும்பூரில் இறங்கி, இரவு தூங்கி எழுந்து தேர்வுக்குப் போனார். 40 மீட்டரில் கால் நொடிக்கு மேல் குறைந்தது.

தாள்களில் தடுமாறியவர்களும் நிறையப் பேர். பள்ளிச் சான்றிதழில் முன்னெழுத்து, ஆதாரில் அப்பா பெயர் பின்னால், பிறப்புச் சான்றிதழில் வேறு எழுத்துக்கூட்டல் என்று இருந்தால் பாஸ்போர்ட் மாதக்கணக்கில் இழுக்கும். முகாம் அழைப்பு பத்து நாள் அவகாசத்தில் வரும். முதல் வருடத்திலேயே மூன்றையும் ஒரே மாதிரி ஆக்கிவிட வேண்டும்.

பணத்தைப் பற்றி வீட்டாரிடம் உள்ளதைச் சொன்னோம். ரக்பி பிரீமியர் லீக் 2025 ஜூனில் மும்பையில் முதன்முதலாக நடந்தது. ஆறு அணிகள், நான்கு நான்கு நிமிடமாக நான்கு பகுதி ஆட்டம், கோப்பை சென்னை புல்ஸுக்கு. அந்த ஏலத்தில் இந்திய ஆட்டக்காரர்களில் அதிக விலைக்குப் போனவர் மோஹித் கத்ரி, 4.75 லட்சம் ரூபாய். அந்த ஆண்டு இந்திய ஆட்டக்காரரின் உச்ச விலையே அவ்வளவுதான். புதிதாக வருபவருக்கு அதில் ஒரு பகுதி. இரண்டு வார ஆட்டத்துக்கு நல்ல பணம், ஆனால் வருடம் முழுக்க உண்பதற்கு அல்ல. அதனால் பட்டப்படிப்பை முடிப்பது, தமிழக அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத ஒதுக்கீட்டுக்குச் சான்றிதழ்களைப் பத்திரப்படுத்துவது, ராணுவத்தின் ரக்பி அணிகளுக்கு முயல்வது, இந்த மூன்றையும் ஆட்டத்தோடு சேர்த்தே வைத்திருக்கச் சொன்னோம்.

ஒப்பந்தத்தில் ஆறு இடங்களைப் பென்சிலால் கோடிட்டுப் படித்தார்கள்: எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, தவணை எப்போது, வரிப் பிடித்தம் எவ்வளவு, காயத்துக்கு அறுவை சிகிச்சைச் செலவு யாருடையது, சீசன் முடிந்த பிறகும் சிகிச்சை தொடர்ந்தால் என்ன, வேறு ஆட்டங்கள் ஆடலாமா. நான்காவதும் ஐந்தாவதும் முதல் வரைவில் தெளிவாக இல்லை. கேட்டதும் எழுதிக் கொடுத்தார்கள். கேட்டால் வாய்ப்புப் போய்விடும் என்று பயந்து எத்தனையோ பேர் கேட்பதே இல்லை.

ஆறாவது இடம்தான் வீட்டில் பேச்சாயிற்று. ஒப்பந்தக் காலத்தில் அனுமதியின்றி வேறு மோதல் ஆட்டமோ, காயம் உண்டாகக்கூடிய விளையாட்டோ ஆடக்கூடாது. கபடி அதில் அடங்கும். தை மாதம் பாலமேட்டிலும் அலங்காநல்லூரிலும் இறங்குவதும் அடங்கும்.

"சாமி காரியத்துக்கு ஆடுற கபடியுமா சார் கூடாது?" என்று அம்மா கேட்டார்.

"ஆடக்கூடாதும்மா. கோட்டுக்கு வெளிய நின்னு சொல்லிக் கொடுக்கலாம்."

இந்த ஆண்டு திருவிழாவில் அவர் ஊர் அணியின் பையன்களுக்கு இடது தோளால் பிடிக்கச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். அதில் இருவர் எண்ணிக்கை நோட்டு போட ஆரம்பித்திருக்கிறார்கள்.